இறையிலி ஐஸ்

நான் கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது, என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. மெஷின் பார்ப்பது, கெட்டுப்போனால் சரி செய்வது எல்லாம் அவர்தான். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய், இருட்டும் நேரத்தில் வருவார். சட்டையில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகக் கோடு கோடாய் இருக்கும். அந்தச் சட்டையை நனைத்து வைக்கும்போதெல்லாம், இந்த மனுஷன் கடலுக்குப் போய்விட்டு வருகிறாரா, ராஜபாளையத்துக்குப் போய்விட்டு வருகிறாரா என்று எனக்குச் சிரிப்பு வரும். வாய் விட்டுச் சொன்னதில்லை. எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் படித்தபோதே உள்ளேன் ஐயா சொல்ல எழுந்து, சொல்லாமலே உட்கார்ந்துவிடுவேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் அந்தக் கம்பெனி முதலாளிக்கும் அவர் தம்பிக்கும் பாகப்பிரிவினை வந்து, கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். இவருக்கு வேலை போயிற்று. அப்போது பம்பாயில், மீனுக்கு ஐஸ் போடும் ஆலையில், இவருடைய பழைய கூட்டாளி ஒருவர் மேஸ்திரியாக இருந்தார். "கிளம்பி வா வே, இங்கன உன்னைத் தங்கமா வச்சுத் தாங்குவான்" என்று ஊருக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி விடுவார்.

பம்பாய் என்றாலே எனக்குப் பயம். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் ஆம்பிளைகள் பம்பாயில் இருந்தார்கள். எங்கள் கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவார்கள். தபசு முடிந்ததும் போய்விடுவார்கள். அந்த வீட்டுப் பெண்கள் அந்தக் கொஞ்ச நாள்தான் தலை நிறையப் பூ வைத்துக்கொள்வார்கள். ஊரில் பூவுக்கு என்ன குறைச்சல்? பூ மார்க்கெட்டே இங்கேதான் இருக்கிறது. வைத்துக்கொள்ள மனசு வேண்டுமே. இவர் போய்விட்டால் நானும் அப்படித்தான் ஆவேன் என்று அடுப்படியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் ஒரு கூட்டம் போட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து தொழில் அதிகாரி ஒருவர் வந்து மைக்கில் பேசினாராம். எங்கள் வட்டம் தொழிலில் பின்தங்கிய வட்டம். ஆகையால் இங்கே புதிதாகச் சிறுதொழில் ஆரம்பித்தால் சர்க்கார் பேங்குக்குச் சிபாரிசு செய்து கடன் வாங்கித் தரும். மெஷின் விலையில் ஒரு பங்கை மானியமாகத் தரும். சில வருடங்களுக்கு விற்பனை வரியும் கிடையாது. கரண்ட் கட்டணத்திலும் சலுகை உண்டு.

கூட்டம் முடிந்ததும் டீக்கடையில் இதே பேச்சுதான். பூக்கடை அண்ணாச்சி ஒருவருக்கு மட்டும் ரொம்பக் கோபம்.

"நம்ம ஊரு பின்தங்கின ஊருன்னு மைக்குல சொல்லுதான். எல்லாரும் கை தட்டுதிய. வெக்கமா இல்லையா வே?"

"அண்ணாச்சி, முன்னேறின ஊருன்னு சொன்னா ஒரு பைசா தரமாட்டான். பின்தங்கினதுன்னு சொன்னாத்தான் தருவான்."

"அப்பம் பக்கத்துல ராயகிரியும் பின்தங்கினதுதானா?"

"அதுவும்தான்."

"வாசுதேவநல்லூரு?"

"அதுவும்தான் அண்ணாச்சி."

"அப்பம் சரி" என்று அண்ணாச்சி சமாதானமாகிவிட்டாராம். இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வேலை போனதிலிருந்து அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நாம சொந்தமா ஐஸ் கம்பெனி போடுதோம்" என்றார் என்னிடம். "குச்சி ஐஸு. மெஷின் எனக்குத் தெரியும். ரோட்டடி மனை இருக்கு. பம்பாயாவது ஒண்ணாவது."

எனக்கு உடனே எழுந்துபோய்க் கோமதியம்மனுக்கு ஒரு விளக்குப் போட வேண்டும் போல இருந்தது.

ஆனால் ரோட்டடி மனை மாமா பேரில் இருந்தது. மாமா என்றால் என் மாமனார். அத்தை நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மனையை ஈடு காட்டினால்தான் பேங்க் கடன் தரும். கடன் கிடைத்தால்தான் மானியம். அதனால் எல்லாமே மாமா போடும் கையெழுத்தில் வந்து நின்றது.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். மாமா மோரை ஊற்றிப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். 'மானியம்' என்ற சொல் வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னது, மானியமா?"

"ஆமாப்பா, சர்க்கார் மானியம்."

"வேண்டாம்."

"ஏம்ப்பா?"

"மானியம் வேண்டாம்லே. நாம பட்டது போதும்."

இதைப் புரிந்துகொள்ள மாமாவின் கதையைச் சொல்ல வேண்டும். அவருடைய பூர்வீகம் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். அந்த ஊர் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா நடக்கும்போதும், அம்மன் புறப்பாட்டின்போதும் சப்பரத்துக்கு முன்னால் தீவட்டி பிடிப்பது இவர்கள் குடும்பம். அந்த ஊழியத்துக்காக எந்தக் காலத்திலோ யாரோ ஒரு துண்டு நஞ்சையை மானியமாக எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு நிலவரியான தீர்வை கிடையாது. இறையிலி நிலம் என்பார்கள். மானியம் என்றால் மாமாவுக்கு அதுதான்: நிலத்தைத் தின்ன வேண்டும், தீவட்டி பிடிக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலும், வீட்டில் கல்யாணமே நடந்தாலும் பிடிக்க வேண்டும்.

பிறகு சர்க்கார் பழைய மானியங்களை எல்லாம் ஒழித்த காலத்தில் அந்த நஞ்சை எப்படியோ கைமாறிப் போய்விட்டது. கோயில் நிர்வாகம் தீவட்டிக்குக் கூலி ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. மாமா கேட்கவில்லை. நிலம் போன பிறகும் ஒவ்வொரு கொடைக்கும் போய்த் தீவட்டி பிடித்துவிட்டு வருவார். என் வீட்டுக்காரர் ஒருமுறை, "நிலந்தான் போயிருச்சே, நீங்க ஏன் இன்னும் புகையத் தின்னுதீங்க?" என்று கேட்டாராம். "வாங்கித் தின்னாச்சுல்லா. அது எப்படிலே செமிக்கும்?" என்றாராம் மாமா.

இப்படிப்பட்ட மனுஷரிடம் போய் மானியம் என்றால்?

இவர் பல விதமாகச் சொல்லிப் பார்த்தார். இது வேறே, அது வேறே. இதில் ஊழியம் எதுவும் இல்லை. சும்மாவே தருகிறார்கள்.

"சும்மா எவம்லே தருவான்? ஏலே, அம்மனே சும்மா தரல. தாசில்தார் தருவானா?"

"தாசில்தார் இல்லப்பா, தொழில் அதிகாரி."

"எவனா இருந்தா என்ன? வாங்கிட்டோம்னா, நாளைக்கு மந்திரி வாரான், தீவட்டி பிடிக்க ஆள் அனுப்புன்னு சொல்லுவான். நான் போயிருவேன். எனக்குப் பெறவு நீ போணும். உனக்குப் பெறவு உன் பிள்ளை போணும். பெறக்காத பிள்ளை தலையில தீவட்டிய வைக்கச் சொல்லுதியா?"

பிறக்காத பிள்ளை என்று சொன்னபோது என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் இவர் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தார். பம்பாய்க்குப் போகும் பெட்டி அது என்று யாரும் சொல்லவில்லை. மாமாவும் பார்த்தார்.  அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மகன் போவதிலும் அவருக்குச் சம்மதமில்லை, மானியத்திலும் சம்மதமில்லை. நான் யாருக்காக வருத்தப்படுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்காகவும் வருத்தப்பட்டேன்.

இவர் ஏற்கெனவே மனு எழுதிக் கொடுத்திருந்ததால், இடத்தைப் பார்க்க அந்தத் தொழில் அதிகாரி ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். சின்ன வயசுதான். கண்ணாடி போட்டிருந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. இவர் வீட்டில் இல்லை. மாமா மட்டும் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"பெரியவரே, ஐஸ் கம்பெனிக்கு மனு போட்டது உங்க பையன்தானே? இடம் உங்க பேர்ல இருக்குன்னு சொன்னாங்க."

"ஆமாய்யா. உக்காருங்க. மக்கா, ஐயாவுக்கு மோரு கொண்டா."

கொண்டுபோய்க் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அதிகாரி குடித்து முடிக்கும்வரை மாமா பொறுத்திருந்தார். பிறகு நேராகக் கேட்டார்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்கப்படாது. இந்த மானியத்துக்கு என்ன ஊழியம்?"

"ஊழியமா?"

"என்ன வேலை செய்யணும் உங்களுக்கு?"

அதிகாரிக்குப் புரியவில்லை. லஞ்சத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார் போல. முகம் இன்னும் சிவந்துபோயிற்று. "எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம் பெரியவரே! நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல!" என்றார்.

"உங்களுக்கில்லைய்யா, சர்க்காருக்கு."

"சர்க்காருக்கும் ஒண்ணும் செய்ய வேண்டாம். தொழில் நடத்துங்க, அவ்வளவுதான்."

"ஒண்ணும் செய்யாம எப்படிய்யா மானியம் வாங்குதது? அது பிச்சைல்லா? நாங்க அந்தக் குடும்பம் இல்ல."

இரண்டு பேரும் இரண்டு ஊர் பாஷை பேசிக்கொள்வது போல இருந்தது. அதிகாரி எழுந்திருக்கப் போனார். அவர் எழுந்து போனால் எல்லாம் போயிற்று, பெட்டி பரணுக்குத் திரும்பாது என்று எனக்குத் தெரிந்தது. அழுகை முட்டியது. ஆனால் வாயைத் திறக்க வரவில்லை. காலி மோர்ச் செம்பை எடுக்கிற சாக்கில் வெளியே போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கேட்காமலே இன்னொரு செம்பு மோரைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைத்தேன். நாகரிகமான ஆள். வைத்ததைக் குடிக்காமல் போகக் கூடாதே என்று மறுபடி உட்கார்ந்தார்.

அந்த மோரைக் குடித்துக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்று அவர் சொன்னதுதான் இது:

"ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அது எல்லாருக்கும் உள்ளதுதான். மானியம் வாங்கின பிறகு அஞ்சு வருஷம் தொழிலைத் தொடர்ந்து நடத்தணும். நடுவுல மூடிட்டா மானியத்தைத் திருப்பிக் கட்டணும்."

மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னிய? மூடப்படாதா?"

"மூடக் கூடாது."

"அஞ்சு வருஷம்?"

"ஆமா."

"அதுக்குப் பெறவு?"

"அதுக்குப் பிறகு உங்க இஷ்டம்."

"பிள்ளை, பேரன் எல்லாம் செய்யணும்னு இல்லையே?"

"இல்லவே இல்ல."

"இதை முதல்லயே சொல்ல வேண்டாமாய்யா!" என்று மாமா தொடையில் தட்டினார். "ஊழியம் இருக்குல்லா. ஐஸு போடுதது ஊழியம். ஊருக்குக் குளிச்சியாத்தானே போடுதோம். இது நல்ல ஊழியந்தான். தீவட்டிக்கு இது எவ்வளவோ தேவலை. ஆமா, வரியும் கிடையாதுன்னு எம் மகன் சொன்னானே?"

"விற்பனை வரி சில வருஷத்துக்குக் கிடையாது."

"அப்பம் இறையிலி மானியம்னு சொல்லுங்க!"

அதிகாரி சிரித்துவிட்டார். அந்தச் சொல்லைக் கல்வெட்டுப் பாடத்தில் படித்ததோடு சரி, ஒரு மனுஷர் வாயால் இப்போதுதான் கேட்கிறேன் என்றார். மாமா அன்றைக்கே கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். ஆனால் அதற்கு பேங்குக்குப் போக வேண்டுமாம். "நாளைக்கே வாரேன்" என்றார். இவர் வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை, "ஏலே, உனக்கு ஒரு விஷயத்தை ஒழுங்காச் சொல்லத் தெரியுதா?" என்பதுதான்.

ஷெட் போட்டு, மெஷின் இறக்கி, கரண்ட் வாங்கி, அந்த வருடத் தபசுக்கு முன்பே ஐஸ் கம்பெனி ஓடத் தொடங்கியது. பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர் சில்லென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் தகர அச்சுகளை இறக்கினால், ஊற்றியது குச்சியோடு உறைந்து வந்துவிடும். பால், சேமியா, ஆரஞ்சு என்று போட்டோம். பால் காய்ச்சுவது என் வேலை. தபசன்று வெளியூர்ச் சனம் கோயிலைச் சுற்றி நிற்க இடமில்லாமல் நின்றது. மதியத்துக்குள் அச்சு எல்லாம் காலி. மறுபடி உறைவதற்குள், ஐஸ் எடுத்துப்போய் விற்கிற சைக்கிள்காரர்கள் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். மாமா தலைப்பாகை கட்டிக்கொண்டு அவர்களை வரிசையில் நிற்கவைத்தார்.

ஐஸ் எடுக்க வந்த சைக்கிள்காரர்களிடம் மாமா பெருமையாக ஒன்று சொல்லுவார்: "நம்ம ஐஸு இறையிலிலே. சர்க்கார் வரி கிடையாது." அவர்களில் ஒருத்தன் வாய்த்துடுக்குக்காரன். அதைப் பிடித்துக்கொண்டு தெருவில் மணியடித்து, "இறையிலி ஐஸ்ஸே! இறையிலி ஐஸ்!" என்று கூவ ஆரம்பித்துவிட்டான். பிள்ளைகள் அது ஏதோ புது ருசி என்று நினைத்துக்கொண்டார்கள். "எனக்குச் சேமியா வேண்டாம், இறையிலிதான் வேணும்" என்று ஒரு பிள்ளை தரையில் புரண்டு அழுததாம். சைக்கிள்காரன் ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தானாம். அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் கொஞ்ச காலம் ஆரஞ்சு ஐஸுக்கு இறையிலி என்றுதான் பேர்.

வம்பு வந்தது ஐப்பசியில். மழை பிடித்துக்கொண்டால் ஐஸை யார் தின்பார்கள்? இவர் மெஷினை நிறுத்திவிட்டு, மழை விட்ட பிறகு ஓட்டலாம் என்றார்.

"நிறுத்தவா? மூடப்படாதுன்னு சொல்லியிருக்கில்லா?"

"அப்பா, கம்பெனிய மூடக் கூடாதுன்னுதான் சொன்னாவ. மழையில மெஷினை நிறுத்தினா அது மூடினதா?"

"சாமி மழையில புறப்பட்டா தீவட்டிய அணைச்சிருவோமா? துணியச் சுத்திக் கூட எண்ணெய் ஊத்திப் பிடிப்போம்லா!"

"அது தீவட்டி. இது கரண்டு. பில்லு வரும்."

"சலுகை இருக்குல்லா?"

"சலுகைதான் இருக்கு. இனாம் இல்ல."

மாமா கேட்கிற ஆளா? கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். அடைமழை நாட்களில் ஒரே ஒரு வரிசை அச்சு மட்டும் இறக்குவது. கொஞ்ச நேரம் ஓட்டுவது. வந்ததை மாமா தன் செலவு என்று சொல்லி, ஒரு தூக்குவாளியில் போட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போவார். மழையில் நடுங்கிக்கொண்டிருப்பவர்களிடம் ஐஸை நீட்டினால் என்ன சொல்வார்கள்? "பெரியவரே, வேண்டாம், பிள்ளைக்குச் சளி" என்பார்கள். "வாங்கி வையி, வெயில் அடிச்சதும் குடு" என்பார். ஐஸை எப்படி வெயில் வரும்வரை வைப்பது என்று ஒருத்தரும் அவரிடம் கேட்டதில்லை. அந்த மரியாதை அவருக்கு இருந்தது. அவர் தெருமுனை திரும்பியதும் சாக்கடையில் போட்டுவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். நான் அதை வீட்டில் சொல்லவில்லை.

நடுவில் எங்களுக்குப் பிள்ளை பிறந்தது. மாமா தொட்டில் பக்கத்தில் நின்று, "உனக்கு ஒரு ஊழியமும் கிடையாதுலே. தாத்தா பேசி முடிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வருடங்கள் போயின. ஊரில் வேறு இரண்டு பேர் ஐஸ் கம்பெனி போட்டார்கள். வியாபாரம் முன்பு போல இல்லை. நிபந்தனை முடிகிற சமயத்தில் ஒரு புது அதிகாரி வந்து, மெஷின் ஓடுகிறதா என்று பார்த்து, எழுதிக்கொண்டு போனார். இனி உங்கள் இஷ்டம், ஆனால் இனிமேல் வரி உண்டு என்றார். மாமா அவரிடம், "நல்லா எழுதிக்கிடுங்கய்யா, ஒரு நாள்கூட மூடல" என்றார்.

அந்தத் தபசுக்குப் பம்பாய்க் கூட்டாளி வந்திருந்தார். கை நிறைய மோதிரம். சொந்தமாகவே ஆலை போடுகிறாராம். இவரைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். "இனி உன்னைப் பிடிச்சு வைக்க என்ன வே இருக்கு?" என்று கேட்டார். இவர் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். யோசிக்கவும் செய்தார். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஷெட்டில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். இவர் மெஷின் பக்கத்தில் குனிந்திருந்தார். மாமா உள்ளே வந்து, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, இங்கன பாரு. இத்தனை நாளும் உன்னை நான் கட்டிப்போடல. மானியந்தான் கட்டிப்போட்டுது. வாங்கினோம், செஞ்சோம். இப்பம் அது தீந்துபோச்சு. உனக்குப் போணும்னா போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மகனைப் போகச் சொல்ல அந்த மனுஷர் எத்தனை நாள் தனக்குள் பேசிப் பார்த்திருப்பாரோ. நான் பாலைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

இவர் நிமிரவில்லை. பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பெல்ட்டு தேஞ்சிருக்கு. நாளைக்குத் தென்காசி போயிப் புதுசு வாங்கிட்டு வாரேன்."

மாமா இவரையே பார்த்தார்.

"பெல்ட்டா?"

"ம்."

"பஸ்ஸுல சன்னலோரம் உக்காராத. சாரக்காத்து. சளி பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு, யாரோ வெளியே கூப்பிட்டது போல வேகமாகப் போய்விட்டார்.

நான் சர்க்கரை போட்டாயிற்றா இல்லையா என்று தெரியாமல் பாலில் இன்னொரு தரம் போட்டுவிட்டேன். மறுநாள் பால் ஐஸ் தின்ற யாரும் குறை சொல்லவில்லை.